கடன் உண்டென்றால் சொல்லுங்கள்



ஜனாஸாத் தொழுகைக்கு முன் மய்யித்தின் மகன் எழுந்து நின்று, "என் அத்தா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நான் பொறுப்பேற்கிறேன். யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது நம் ஊர்களில் வழக்கம். எத்தனையோ ஜனாஸாக்களில் கேட்டுப் பழகிய சொற்கள்தாம். ஆனால் பள்ளத்தூரில் அந்த ஐப்பசி மாத மாலையில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் அவற்றைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னபோது, எனக்குள் வேறோர் எண்ணம் ஓடியது. இந்த மய்யித்துக்குக் கடன்பட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் இந்த ஸஃப்பில் இல்லை. அவருடைய பெயரோ ஊரோ முகமோ எவருக்கும் தெரியாது. அவரை நோக்கி இந்தப் பிள்ளை எந்தப் பள்ளிவாசலில் நின்று கேட்பான்?

மௌத்தானவர் எங்கள் ஊர்த் தையல்காரர். முப்பது ஆண்டுகளாக ஒரே கடை, ஒரே தெரு. ஜமாஅத்தாருக்கு ஜிப்பாவும் ஆச்சிமாருக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் அவர் கையால் தைத்தவைதாம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த சமயம். கடை நிறையத் துணி. இஷா தொழுதுவிட்டு மீண்டும் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர், இரவு ஒன்பதரைக்கு மேல் கடையைப் பூட்டிச் சைக்கிளில் புறப்பட்டிருக்கிறார். மழை. பத்தே முக்காலுக்கு, இன்னும் வரவில்லையே என்று தேடிப்போன மகன், ஊருணிக் கரையை ஒட்டிய சாலைப் பள்ளத்தில் தந்தையைக் கண்டான். 108 வாகனத்தில் வந்தவர்கள் நாடி பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்கள். இடித்த வண்டி நிற்கவில்லை.

செட்டிநாட்டுத் தெருக்களை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு வீடு முன்வாசலை ஒரு தெருவிலும் பின்வாசலை மறு தெருவிலும் வைத்திருக்கும். அவற்றில் பல ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கும். உரியவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், திருமணத்துக்கும் கோவில் விசேஷத்துக்கும் வருவார்கள். காரைக்குடி பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் அந்த நெடுஞ்சுவர்களை வியந்து படம் எடுக்கிறார்கள். இரவில் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் விளக்கு இல்லை, எட்டிப் பார்க்க ஆள் இல்லை. சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால் சுவர்கள் மட்டுமே சாட்சி. அப்படித்தான் ஊர் முழுவதும் பேசிக்கொண்டது.

அது முழு உண்மையன்று. ஒரு சாட்சி இருந்தது. அது நான்.

பேருந்து நிறுத்தத்துக்கு அருகே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அன்று இரவு ஒன்பதே முக்கால் அளவில் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தபோது, 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று ஊருணிப் பக்கமிருந்து வந்து கோட்டையூரை நோக்கி மிக வேகமாகப் போயிற்று. முன்விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. மழைக்கு முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். எண்ணையும் பார்க்கவில்லை, நிறத்தையும் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மறுநாள் காலை செய்தி கேட்டபோதுதான் உடம்பு நடுங்கிற்று. நான் நின்ற இடத்துக்கும் அவர் கிடந்த இடத்துக்கும் இருநூறு அடி இருந்தால் அதிகம்.

காவல் நிலையத்துக்கு உடனே போனேனா? இல்லை. வீட்டில், "நீங்க எண்ணைப் பாத்தீங்களா? பாக்கலைல்ல? அப்புறம் எதுக்கு வம்பு?" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. சாட்சியென்று போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், கடையை மூட வேண்டும், எவனாவது மிரட்டுவான் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவம் செய்த உள்ளம் என்ற கருத்தில் சூரத்துல் பகராவில் வரும் எச்சரிக்கையை ஜும்ஆக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அது கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிய வசனத்தை அடுத்து வருகிறது. ஆகவே அது பணச் சாட்சிக்கு மட்டும் என்று அந்த மூன்று நாளும் எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன்.

உதவுபவர்களுக்குச் சட்டத்தில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. விபத்தில் சிக்கியவருக்குக் கைகொடுப்பவரை விசாரணை என்ற பெயரில் அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134அ என்ற பிரிவாக அந்தப் பாதுகாப்பு சட்டத்துக்குள்ளேயே வந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் யார், எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் போனேன். நான் அஞ்சியதுபோல் எதுவும் நடக்கவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "பாய், கோட்டையூர்ப் பக்கம் ஒரு கடையில கேமரா இருக்கு. ஆனா மூணு நாளைக்கு மேல அதுல பதிவு நிக்காது. முந்தாநாள் சொல்லியிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காத அந்த வாக்கியத்தை நான் இன்னும் முடிக்க முடியாமல் இருக்கிறேன்.

இதைவிட வெட்கத்துடன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்கிய நான், இரண்டாம் நாளே தேநீர்க் கடையில் சொல்லியிருந்தேன். ஒற்றை விளக்கு எரிந்த குட்டி யானை! அவ்வளவு போதுமே. வாரத்தில் இருமுறை எங்கள் தெருக்களில் காய்கறி விற்க வரும் ஒருவரின் வண்டியில் ஒரு விளக்கு உடைந்திருப்பதை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். மாலைக்குள் அவர்தான் குற்றவாளி என்றாகிவிட்டது. இரவில் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் அவர் ஊருக்குப் போகத் திரண்டார்கள். நல்ல பிள்ளைகள்தாம், இறந்தவரிடம் சட்டை தைத்துப் போட்டவர்கள். அந்தக் கோபம் போலியானதன்று. எனினும் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஹஜ்ரத் பள்ளிவாசல் வாசலில் வழிமறித்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க யாராச்சும் கண்ணால பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகு அவர்களை உள்ளே உட்காரவைத்து, கைபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி அது. நானும் அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் என்ற அன்ஸாரித் தோழர் முஹய்யிஸா என்பவருடன் கைபருக்குப் போனார். அங்கே இருவரும் பிரிந்து சென்றார்கள். பின்னர் அப்துல்லாஹ் கொல்லப்பட்டுக் கிடப்பதை முஹய்யிஸா கண்டார். கொன்றவர் யாரென்று தெரியவில்லை. இறந்தவரின் சகோதரர் அப்துர் ரஹ்மானும் உறவினர்களும் மதீனா வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். இளையவரான அப்துர் ரஹ்மான் துக்கம் தாளாமல் முதலில் பேசத் தொடங்க, மூத்தவரைப் பேசவிடுமாறு அண்ணலார் சொன்னார்கள். அந்த ஊராரின் மீது இவர்களுக்கு வலுவான சந்தேகம். குற்றத்தை ஐம்பது சத்தியங்களால் உறுதி செய்கிறீர்களா என்று கேட்டபோது, கண்ணால் காணாததற்கு நாங்கள் எப்படிச் சத்தியம் செய்வோம் என்றார்கள். அப்படியானால் எதிர்த்தரப்பார் ஐம்பது சத்தியம் செய்து விடுபடுவார்கள் என்றதற்கு, அவர்களின் சத்தியத்தை எப்படி ஏற்பது என்றார்கள். வழக்கு அங்கே நின்றுவிட்டது. சந்தேகத்தின் பேரில் எவரையும் தண்டிக்க அண்ணலார் இசையவில்லை. ஆனால் அந்த உயிர் கேட்பாரற்று வீணாவதையும் அவர்கள் விரும்பவில்லை. நூறு ஒட்டகங்களைத் தாமே முன்வந்து தியத்தாகக் கொடுத்தார்கள்.

ஹஜ்ரத் இதைச் சொல்லிவிட்டு, "சந்தேகம் இருந்துச்சு, ஆனா அடி இல்லை. கொலையாளி கிடைக்கலை, ஆனா ரத்தம் வீணாகலை. இந்த ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார். பிள்ளைகள் கலைந்து போனார்கள். காய்கறி வியாபாரியின் வண்டி அந்த விபத்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே பட்டறையில் கிடந்தது என்று பின்னர்த் தெரிந்தது. அவர் இரண்டு மாதம் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க பாய்" என்று தேநீர் கொடுத்தார். ஆனாலும் அவர் மனைவி அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த ஆண்டு முடிந்து 2024 ஜனவரி பிறந்ததும் லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் வந்தது. புதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவில், உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று எழுதியதை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் அது. அரசு அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அது நிறுத்தியே வைக்கப்பட்டது. எங்கள் தேநீர்க் கடையில் பெரும்பாலோர் ஓட்டுநர்களைத் திட்டினார்கள். நின்றால் ஊரே கூடி அடித்துக் கொன்றுவிடும் என்பதுதான் ஓடுவதற்கு ஓட்டுநர்கள் சொல்லும் காரணம். சில வாரங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளிவாசல் வாசலில் நின்ற கூட்டம் என் கண்ணில் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இனி அந்தக் குடும்பத்தைப் பற்றி. அவருடைய துணைவியார் எனக்குத் தங்கை முறை. இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள். ஆறுதல் சொல்லப் போன பெண்களிடம் அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "உசுரு உடனே போச்சா? தண்ணி கேட்டிருப்பாரா?" எல்லாரும், "அவர் ஷஹீதும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்றார்கள். விபத்தில் இறப்பவருக்கு மறுமையில் அந்தத் தகுதி உண்டு என்று உலமாக்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை அன்று. பிரேதப் பரிசோதனை முடிந்த காலையில் காரைக்குடியில் மருத்துவர் எங்களிடம் சொன்னதை அறிந்தவர்கள் ஹஜ்ரத்தும் நானும் மட்டுமே. உடனே போயிருக்க மாட்டார், நெடுநேரமும் இருந்திருக்காது என்றார் மருத்துவர்.

அரசு உதவித்தொகை பற்றி முதலில் பேசியவர் எங்கள் ஜமாஅத்தின் இளைஞர் ஒருவர். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் 2022 ஏப்ரல் முதல் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். அதற்கு முன்பு உயிருக்கு வெறும் 25,000 ரூபாயாக இருந்தது. அந்தத் தங்கை மறுத்துவிட்டார். "அவர் ரத்தத்தை எடை போட்டு வாங்கச் சொல்றீங்களா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விண்ணப்பத்தாளைக் கடையில் ஒரு மூலையில் போட்டுவைத்தேன்.

மீண்டும் ஹஜ்ரத்திடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் தம் மனைவியை அழைத்துக்கொண்டு போய், திரைக்கு இப்பால் அமர்ந்து, அதே கைபர் நிகழ்ச்சியை இன்னொரு பக்கத்திலிருந்து சொன்னார். தவறுதலாக ஓர் உயிர் போனால் குடும்பத்துக்குத் தியத் உரிமை என்று சூரத்துந் நிஸாவில் அல்லாஹ்வே விதித்திருக்கிறான். குடும்பத்தார் விரும்பினால் அதை ஸதக்காவாக விட்டுவிடலாம். ஆனால் கொடுக்க வேண்டியவர் யாரென்றே தெரியாதபோது எதை, யாருக்கு விட்டுக்கொடுப்பது? ஆள் தெரியாத மரணத்துக்குப் பொதுநிதியே பொறுப்பு என்பது ஸஹாபாக்கள் காலத்திலேயே இருந்த தீர்ப்பு. கூட்ட நெரிசலில் இறந்த ஒருவருக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் சொல்லி அலீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்கு ஆலோசனை சொன்னதை எடுத்துக்காட்டினார். "இந்த அரசாங்கத் தொகை ஷரீஅத்தின் தியத் இல்லைதான். ஆனா இது பிச்சையும் இல்லை, விலையும் இல்லைம்மா. ஆளைப் பிடிக்க முடியாட்டி, சாலைக்குப் பொறுப்பானவங்க பதில் சொல்றாங்க, அவ்வளவுதான்." சற்று நேரம் கழித்து, "பிள்ளைக்குப் பாலிடெக்னிக் பணம் கட்டணும்" என்று பதில் வந்தது.

அந்த ஜனவரியிலேயே, 12ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இதுபற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கு அது. சாலையில் உடைந்த உடம்புகளைச் சேர்த்துச் சேர்த்தே நீதிமன்றப் படியேறிய மனிதர். அந்த ஆணையில் இடம்பெற்ற கணக்கு ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் உதவித்தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் 205. ஆயிரத்துக்கு மூன்று பேர். மற்றவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. சிலர் எங்கள் தங்கையைப் போல் மறுத்திருக்கலாம். சிலருடைய தாள் என்னைப்போல் ஒருவன் கடையில் மூலையில் கிடந்திருக்கலாம். ஒரு மாதத்துக்குள் வாகனம் அடையாளம் காணப்படவில்லை என்றால், இப்படியொரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் ஜமாஅத்துகளில் இதை ஒருவராவது அறிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது இறப்புச் சான்று, இறந்தவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் உரிய அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் முதலாம் படிவத்தை வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தொகையை அனுமதிப்பது மாவட்ட ஆட்சியர் நிலையில். பின்னாளில் வண்டி கண்டுபிடிக்கப்பட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையைத் திருப்பித் தருவோம் என்று உறுதிமொழி ஒன்றிலும் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதிமொழியை வாசித்துக் காட்டியபோது அத்தங்கை, "அப்போ அவங்க இன்னும் தேடுவாங்களா?" என்று கேட்டார். தேடுவார்கள் என்றேன். இத்தாவில் இருப்பவர் இன்றியமையாத தேவைக்குப் பகலில் வெளியே போகலாம் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கும் தேவை வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார்.

தையல் கடையில் கிடந்த தீபாவளித் துணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே! அவை அமானிதம் அல்லவா? மூன்றாம் நாள் மகன் கடையைத் திறந்தபோது கோட்டையூரிலிருந்து ஒரு தையல்காரர் வந்து அமர்ந்தார். மாற்று மதத்தவர், இறந்தவருக்குத் தொழிலில் போட்டியாளர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எட்டு இரவு உட்கார்ந்து அத்தனையையும் தைத்து முடித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ரவிக்கை வாங்க வந்த ஓர் ஆச்சி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே அழுதார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு தொகை வங்கிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து மகன் வந்து, "மாமு, அம்மா கூப்பிடுறாங்க" என்றான். போனேன். அவருடைய கணக்கு நோட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு மீதித் தவணை, காரைக்குடி நூல்கடைப் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்திருந்தது. ஜனாஸாவில் பிள்ளை ஏற்ற பொறுப்பைத் தாய் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு ராத்திரி அங்கதான் இருந்தீங்களாம். கூப்பிட்ட சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

எட்டு மாதமாக அவர் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்கவில்லை என்றேன். மழை இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்றேன். அது உண்மை. பிறகு, மறைத்துவைத்திருந்த இரண்டையும் சொன்னேன். மூன்று நாள் நான் காவல் நிலையத்துக்குப் போகாததையும், மருத்துவர் சொன்னதையும். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெகுநேரம் பேச்சில்லை. கடைசியில் அவர், தமக்குத் தாமே சொல்வதுபோல், "மழை பேஞ்சுச்சுல்ல. நாக்கு நனைஞ்சிருக்கும்" என்றார்.

பின்னர் மகனிடம் கையைக் காட்டினார். அவன் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தான். தீபாவளி நெருக்கடிக்குச் சற்று முன் நான் கொடுத்திருந்த சட்டைத் துணி. வெட்டியிருந்தது, தைக்கவில்லை. நான் கேட்டுப் போகாததால் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. மேலே குத்தியிருந்த சீட்டில் அவருடைய கையெழுத்து: என் பெயர், முழுக்கை, நாற்பத்திரண்டு, முன்பணம் நூறு.

"தைச்சுத் தர முடியலை. இது உங்க ஹக்கு" என்று நூறு ரூபாய்த் தாளைப் பொட்டலத்தின்மேல் வைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நோட்டைத் திருப்பி, என் பெயர் இருந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.